இரண்டு சொட்டு டீசலின் கணக்கு

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2001-ல் தன் கனரக பிக்கப் டிரக்குகளில் டூராமேக்ஸ் என்ற 6.6 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தத் தொடங்கியது. எட்டு சிலிண்டர். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1500 தடவை எரிகிறது. எட்டையும் சேர்த்தால் நொடிக்கு 200 எரிப்புகள். ஒவ்வொரு எரிப்புக்கும் 100 கன மில்லிமீட்டர் டீசல் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் மருந்துப் புட்டியிலிருந்து விழும் சொட்டில் இரண்டு, அவ்வளவுதான். நொடிக்கு 200 தடவை என்றால் 20 மில்லிலிட்டர், எடையில் 16.6 கிராம். ஒரு கிராம் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 43 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். ஆக 714 கிலோவாட். அதில் நூற்றுக்கு 38 பங்கு அச்சைச் சுழற்றப் பயன்படுகிறது என்று கொண்டால் கையில் வருவது 271 கிலோவாட், அதாவது 364 குதிரைசக்தி. 2006-ல் வந்த டூராமேக்ஸின் விளம்பரத்தில் இருந்த எண் 360. காகிதக் கணக்கு நிஜத்தை இவ்வளவு நெருங்கி வரும்போது ஒரு சபலம் எழுவது இயல்பு. இரண்டு சொட்டை இரண்டரைச் சொட்டாக்கினால் 455 ஆகுமே, மூன்றாக்கினால் 546 ஆகுமே! தடுப்பது யார்? எஞ்சின் கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் எண் அட்டவணை, தொழில்மொழியில் 'மேப்'. அந்த அட்டவணையை மாற்றி எழுதும் 'டியூனிங்' தொழில் அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. நிறுவனம் பூட்டி வைத்த சக்தியை நாங்கள் திறந்துவிடுகிறோம் என்பது அத்தொழிலின் விளம்பர வாசகம். இந்தப் 'பூட்டு' என்ற உவமையே பிசகு என்பது என் வாதம். அட்டவணையில் இருப்பது ஒரு பாகப்பிரிவினை. எஞ்சினின் ஆயுள், எரிபொருள் செலவு, கியர் பெட்டியின் தாங்குதிறன், பின்னால் வருபவர் மூச்சுக் காற்று என்று பல பங்காளிகளுக்கு இடையே எழுதிய பத்திரம் அது. டியூனர் புதிதாகச் சொத்து எதையும் உண்டாக்குவதில்லை. ஒருவர் பங்கை எடுத்து இன்னொருவருக்கு எழுதுகிறார். அது நியாயமாகவும் இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். எந்தப் பங்கு எவரிடமிருந்து போகிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்தச் சபலம் டீசலுக்கே உரியது. பெட்ரோல் எஞ்சினில் பெடலை மிதித்தால் திறப்பது காற்றின் வாசல். வந்த காற்றுக்கு ஏற்ப எரிபொருளை அளந்து ஊற்ற வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் காரை ரீமேப் செய்தால் கிடைப்பது அற்பம். டீசலில் காற்றுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. சிலிண்டர் எப்போதும் நிறையக் காற்றை இழுத்துக்கொள்கிறது, அதில் எவ்வளவு எண்ணெயைத் தூவுகிறோம் என்பதே சக்தியைத் தீர்மானிக்கிறது. ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய 14.5 கிராம் காற்று போதும் என்பது வேதியியல். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் தூவிய எண்ணெய் காற்றோடு சரிசமமாகக் கலந்துவிடாது. அதனால் 18, 20 கிராம் காற்றுக்குக் கீழே போனாலே வேகாத கரி கரும்புகையாக வெளியேறத் தொடங்கும். நம் இரண்டு சொட்டின் எடை 0.083 கிராம், அதற்கு வேண்டிய காற்று சுமார் 1.7 கிராம். டூராமேக்ஸின் ஒரு சிலிண்டர் சாதாரண அழுத்தத்தில் இழுக்கக்கூடிய காற்றோ ஒரு கிராம்தான். மிச்சத்தை டர்போ திணித்துக் கொடுக்கிறது. மூன்று சொட்டு என்றால் இரண்டரை கிராம் காற்று வேண்டும். அந்த டர்போவால் அது முடியுமா? முடியாவிட்டால் கூடுதல் சொட்டின் ஒரு பகுதி சக்தியாகாமல் புகையாகும். சில இளைஞர்கள் அந்தக் கரும்புகையையே வெற்றிக் கொடியாகக் கக்கிக்கொண்டு போகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் வேகாமல் வெளியே போவதில் என்ன பெருமை இருக்கிறதோ தெரியவில்லை.

கணினி வருவதற்கு முன்பே இந்த வேலை நடந்தது. 1989-ல் டாட்ஜ் நிறுவனம் கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தன் பிக்கப்பில் ஏற்றியபோது அதன் சக்தி 160 குதிரைகள்தான். அதன் பாஷ் பம்பில் இருந்த ஒரு ஸ்குரூவைத் திருகினால் எண்ணெய் கூடும். நம் ஊர் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1994 முதல் 1998 வரை வந்த வண்டிகளில் பி7100 என்ற வரிசைப் பம்ப் இருந்தது. அதன் கவர்னருக்குள் ஒரு சிறு எஃகுத் தகடு உண்டு. எந்த வேகத்தில், எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ரேக் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அந்தத் தகட்டின் விளிம்பு வளைவு நிர்ணயிக்கும். சக்தி வேண்டியவர்கள் அந்த விளிம்பை அரம் போட்டுத் தேய்த்தார்கள், வேறு வளைவுள்ள தகட்டை வாங்கிப் போட்டார்கள், துணிந்தவர்கள் கழற்றியே எறிந்தார்கள். இன்றைய கணினி மேப்பின் தாத்தா அந்தத் தகடுதான், எஃகில் செதுக்கிய ஒற்றை வரி மேப். அதில் ஒரு நேர்மை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். தேய்த்தது கண்ணுக்குத் தெரியும். விளைவும் புகையாகத் தெரியும்.

காமன் ரயில் வந்த பிறகு ஒற்றை வரி ஆயிரக்கணக்கான அட்டவணைகளாகப் பெருகிவிட்டது. டூராமேக்ஸின் முதல் தலைமுறையிலேயே எண்ணெய் 1600 பார் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் காத்திருந்தது. மின்சாரம் கொடுத்த கணத்தில் இன்ஜெக்டர் திறக்கும், நிறுத்திய கணத்தில் மூடும். பெடலை மிதித்தால் கணினி அதை எண்ணெய் அளவாக நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டுநர் இவ்வளவு முறுக்குவிசை கேட்கிறார் என்று ஒரு மனுவாகத்தான் பதிவுசெய்கிறது. பிறகு அந்த மனு பல மேசைகளுக்குப் போகிறது. இந்தக் கியரில் இவ்வளவு தாங்குமா? உள்ளே வந்திருக்கும் காற்றுக்குப் புகை எல்லை என்ன? தண்ணீர் சூடு எப்படி? எல்லா மேசைகளும் சொல்லும் எண்களில் மிகச் சிறியது எதுவோ அதுவே அனுமதிக்கப்படும். அதற்குப் பிறகுதான் அது எண்ணெய் அளவாகி, குழாய் அழுத்தமாகி, இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய மைக்ரோ நொடிகளாகிறது. 3000 சுற்றில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப எடுக்கும் நேரம் ஒரு நொடியில் 18,000-ல் ஒரு பங்கு. எண்ணெய் தூவப் பயனுள்ள இடைவெளி இருபது டிகிரி சொச்சம். அதற்கு மேல் இழுத்தால் பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் எரியும். தள்ளும் வேலை குறைந்து, வெப்பம் அப்படியே டர்போவை நோக்கிப் போகும். அழுத்தத்தைக் கூட்டலாம்தான். ஆனால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தையே பின்தொடரும்: 1600 பாரை 1800 ஆக்கினால் கிடைப்பது நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதல் எண்ணெய் மட்டும், பம்புக்கோ எட்டில் ஒரு பங்கு கூடுதல் பளு. எங்கே தொட்டாலும் எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒருவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

சந்தையில் கிடைக்கும் மலிவான சில பெட்டிகள் இந்த அட்டவணைகளைத் தொடுவதே இல்லை. சென்சாருக்கும் கணினிக்கும் நடுவே உட்கார்ந்து, குழாய் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்கின்றன. கணினி நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது, எண்ணெய் கூடுகிறது, வண்டி சீறுகிறது. பொய் அங்கேயே நின்றுவிடுவதில்லை. எவ்வளவு எண்ணெய் போயிருக்கிறது என்று கணினி நினைக்கிறதோ, அதை வைத்துத்தான் முறுக்குவிசையைக் கணித்துக் கியர் பெட்டியின் கணினிக்குச் சொல்கிறது. கியர் பெட்டி அந்த எண்ணை நம்பித்தான் தன் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. வருவது 500 குதிரை, செய்தியில் இருப்பது 350 குதிரை என்றால் பிடி தளர்ந்து தட்டுகள் வழுக்கும். டூராமேக்ஸோடு வந்த ஆலிசன் கியர் பெட்டி உள்ளே வரும் வேகத்தையும் வெளியே போகும் வேகத்தையும் ஒப்பிட்டு வழுக்கலைக் கண்டுபிடித்து, வண்டியை ஒரே கியரில் நொண்ட விட்டுவிடும். உரிமையாளர் அதைக் கியர் பெட்டியின் பலவீனம் என்று திட்டுவார். உண்மையில் அது ஒன்றுதான் பொய்யை நம்ப மறுத்த பாகம். நல்ல டியூனர் இப்படிச் செய்வதில்லை. அவர் அட்டவணைக்குள்ளேயே எழுதுகிறார், முறுக்குவிசைக் கணிப்பைத் திருத்துகிறார், கியர் பெட்டியின் மேப்பையும் சேர்த்து மாற்றுகிறார். அதே வண்டியில் பதிவான அழுத்தம், வெப்பம், டர்போ வேகம் எல்லாவற்றையும் கோப்பாக வாங்கிப் பார்த்துத் திரும்பவும் திருத்துகிறார். ஒரு குறிப்பிட்ட வண்டிக்கென்று செய்யும் டியூனிங் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது என்றால் அது இந்த உழைப்பில்தான்.

இங்கே பலமான ஒரு மறுப்பு எழும். பூட்டு என்று ஒன்றும் இல்லையென்றால் ஃபோர்டு செய்ததற்கு என்ன விளக்கம்? 2011-ம் ஆண்டு மாடலாக வந்த சூப்பர் டியூட்டி டிரக்கின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 390 குதிரைசக்தி, 735 பவுண்டு-அடி முறுக்குவிசை என்று அறிவிக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 397, 765 என்று அதை முந்தியது. 2010 ஆகஸ்டில் ஃபோர்டு 400, 800 என்று பதில் சொன்னது. எஞ்சினில் ஒரு போல்ட்கூட மாறவில்லை. ஏற்கெனவே வண்டி வாங்கியவர்களுக்கு மென்பொருள் இலவசமாக ஏற்றித் தரப்பட்டது. 65 பவுண்டு-அடி ஒரு கோப்பில் ஒளிந்திருந்ததா, இல்லையா? இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆலையின் மேப்பில் எப்போதும் ஒரு கையிருப்பு உண்டு. மட்டமான டீசல், அடைத்துக்கொண்ட காற்று வடிகட்டி, மலைமேல் மெலிந்த காற்று, ஆயில் மாற்றாத உரிமையாளர் என்று முகம் தெரியாத லட்சம் பேருக்காக ஒதுக்கிவைத்தது அது. தன் வண்டியை நன்றாக அறிந்தவர் அதில் ஒரு பகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஃபோர்டிடம் சோதனைக் கணக்குகள் இருந்தன, உடைந்தால் உத்தரவாதச் செலவும் அதன் தலையில்தான் விழும். கையிருப்பைத் தொட்டது, அதற்குப் பொறுப்பானவரே. பூட்டு இருந்ததை இது காட்டவில்லை. பத்திரத்தில் பங்கை மாற்றி எழுதும் உரிமை எப்போது வருகிறது என்பதைத்தான் காட்டுகிறது.

கையிருப்பின் அளவு என்ன என்று கேட்டால் விடை குதிரைசக்தியில் கிடைக்காது, நேரத்தில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் டிரக்குகளின் இழுவைத் திறனைச் சொல்ல ஜே2807 என்ற சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே ஏறும் 18 கிலோமீட்டர் மேட்டில், 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெயிலில், ஏசியை முழு அளவில் ஓடவிட்டு, விளம்பரத்தில் சொன்ன முழு எடையையும் இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் கொண்ட டிரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த வேகத்தில் ஏறி முடிக்கப் பதினேழு நிமிடம் ஆகும். டியூனர் கடையின் டைனோ உருளையில் வண்டியை ஏற்றி உச்ச சக்தியை அளக்கும் ஓட்டமோ பத்துப் பதினைந்து நொடிகளில் முடிந்துவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். டர்போவுக்கு முன்னால் வாயுவின் வெப்பம் தொடர்ச்சியாக 700 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது டியூனர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். பிஸ்டன் உருகாமல் தப்புவது எப்படி? ஒவ்வொரு சுழற்சியிலும் குளிர்ந்த காற்று வந்து அதைத் தடவிக்கொடுக்கிறது, அடியிலிருந்து ஆயில் பீய்ச்சப்பட்டு வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. பத்து நொடிக்குள் உலோகத்தின் உள்ளே சூடு முழுதாக ஊறுவதில்லை, பதினேழு நிமிடத்தில் ஊறிவிடும். அதனால்தான் டிரக்குகளிலும் ஓடும் கம்மின்ஸின் 6.7 லிட்டர் எஞ்சின் குடும்பம் உல்லாசப் படகுகளில் 550 குதிரைசக்தி வரை தருகிறது, ஆனால் எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமே முழு வேகம், ஆண்டுக்கு 300 மணி நேரமே ஓட்டம் என்ற நிபந்தனையோடு. குளிர்விக்கக் கடலே இருந்தும் அந்த நிபந்தனை! இழுவைப் போட்டிகளுக்கான சில எஞ்சின்களில் தண்ணீர் ஓடும் அறைகளில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். சில நொடிப் பந்தயத்துக்குக் குளிர்விப்பே வேண்டாம், சிலிண்டர் சுவர் விரியாமல் நின்றால் போதும். அத்தகைய எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் 2000 குதிரைசக்தி என்ற எண்ணும் டூராமேக்ஸின் 360 என்ற எண்ணும் வேறு வேறு கடிகாரங்களில் அளந்தவை. டூராமேக்ஸை 300 குதிரையிலிருந்து 360-க்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸே என்ன செய்தது என்று பாருங்கள்: எஞ்சின் பிளாக்கைத் தடிப்பாக்கியது, கனெக்டிங் ராடைத் தடிப்பாக்கியது, அமுக்க விகிதத்தை 17.5-லிருந்து 16.8-க்கு இறக்கியது, ஆறாவது கியரைச் சேர்த்தது. பதினேழு நிமிடத்துக்கு 60 குதிரையின் விலை அது.

இதுவரை பேசிய பங்காளிகள் எல்லாம் உரிமையாளரின் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். எஞ்சின் உடைந்தால் உடைவது அவருடையது; அவர் பணம், அவர் விருப்பம். ஆனால் புகையைச் சுவாசிக்கும் வெளியாள் ஒருவரும் இருக்கிறார். எண்ணெயைச் சற்று முன்னதாகத் தூவினால் எரிப்பு பிஸ்டனின் உச்சிக்கு அருகே நடந்து அதிகத் தள்ளுவிசை தரும், எரிபொருள் மிச்சமாகும். ஆனால் உள்ளே வெப்பம் ஏறி, காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். தாமதமாகத் தூவினால் அது குறைந்து கரியும் செலவும் கூடும். இது எந்த நிறுவனமும் இயற்றிய சட்டமல்ல, வெப்பவியல். 1998-ல் அமெரிக்க அரசு கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நாவிஸ்டார், ரெனோ, வோல்வோ ஆகிய ஏழு நிறுவனங்கள் மீது எடுத்த நடவடிக்கை இந்த ஒரு பரிமாற்றத்தைப் பற்றியதுதான். நெடுஞ்சாலையில் சீராக ஓடுவதை உணர்ந்ததும் அவற்றின் கணினிகள் டைமிங்கை முன்னுக்குத் தள்ளி டீசலை மிச்சப்படுத்தின. சோதனைக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டன. அப்படி 13 லட்சம் எஞ்சின்கள். அபராதம் 8.34 கோடி டாலர்.

2007-க்குப் பின் கரி வடிகட்டியும், சில ஆண்டுகளில் யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிக்கும் அமைப்பும் டிரக்குகளில் கட்டாயமாயின. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, கழற்றியதைக் கண்டுகொள்ளாதபடி மேப்பை மாற்றும் 'டிலீட்' வியாபாரமும் உடன் பிறந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட கணக்குப்படி, பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகள் இப்படி மாற்றப்பட்டன. அந்த வகை வண்டிகளில் நூற்றுக்குப் பதினைந்து. அவை தம் ஆயுளில் கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். ஒழுங்கான 90 லட்சம் டிரக்குகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்கு ஈடு என்று முகமை அதை விளக்கியது. டிலீட் செய்பவர்களின் குறை பொய்யல்ல. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசல் செலவாகிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்கிறது. புகையை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் மறுசுழற்சி வால்வில் கரி படிகிறது. பழுதுபார்க்கும் செலவு ஆயிரக்கணக்கான டாலர். ஆனால் யூரியா அமைப்பு வந்ததே உள்ளே எரிப்பைச் சுதந்திரமாக விடுவதற்குத்தான். நைட்ரஜன் ஆக்சைடை வெளியே கழுவிக்கொள்ளலாம் என்பதால் டைமிங்கை முன்னே வைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்க முடிந்தது. அந்த வசதியை வைத்துக்கொண்டு கழுவும் தொட்டியை மட்டும் உடைத்தெறிவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடாத ஒருவரின் பங்கை எடுத்துக்கொள்வது.

பெரிய நிறுவனங்களே ஏமாற்றும்போது கடைக்காரனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்பது அடுத்த மறுப்பு. கேள்வி நியாயமானது. சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளோடு கார்களை விற்று 2015-ல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் மோசடியில் உலகெங்கும் 1.1 கோடி கார்கள். இங்கே பேசும் டிரக்குகளையே எடுத்துக்கொண்டாலும், 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப்புகளில் 6,30,000 எஞ்சின்களில் விதிமீறும் மென்பொருள் இருந்தது என்ற குற்றச்சாட்டில், கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் சம்மதித்தது. தூய காற்றுச் சட்டத்தின் வரலாற்றில் அவ்வளவு பெரிய சிவில் அபராதம் அதற்கு முன் இல்லை. இந்த எண்கள் டிலீட் கடைக்காரருக்கு விடுதலை தரவில்லை. 'ஆலையின் மேப் புனிதமானது' என்ற எதிர்த்தரப்பின் நம்பிக்கையைத்தான் உடைக்கின்றன. எழுதியவர் யார் என்பதை வைத்து மேப்பை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் புகைச் சோதனைச் சாவடிகள் பெரும்பாலும் மேப்பை எழுதியவர் யார் என்பதைத்தான் பார்க்கின்றன. ஒவ்வொரு மேப்புக்கும் அதன் எண்களைக் கூட்டிக் கணித்த ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் அது மாறிவிடும். 2021 ஜூலை 19 முதல் கலிபோர்னியாவின் புகைச் சோதனையில் கணினியிலிருந்து அந்த எண்ணையும் படிக்கிறார்கள். நிறுவனம் பதிவு செய்ததோடு ஒத்துவராவிட்டால், அந்த மாநிலத்தின் காற்று வள வாரியம் சோதித்து அனுமதித்த டியூனாக இருந்தால் தவிர, வண்டி தேறாது. அனுமதிக்கு வழி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. மாசு கூடவில்லை என்று அளந்து காட்டும் டியூனர் வெளிச்சத்தில் தொழில் செய்யலாம், செய்யவும் செய்கிறார்கள். ஆனால் சரிபார்ப்பு எண்ணால் சொல்ல முடிவது பத்திரம் திருத்தப்பட்டதா என்பது மட்டுமே; மூலப் பத்திரமே மோசடியா என்று அதனால் சொல்ல முடியாது. ஃபோக்ஸ்வாகன் கார்களின் மென்பொருள் ஆலையிலிருந்து வந்தபடியே, ஓர் எண்கூடப் பிசகாமல் இருந்தது. அதைப் பிடித்தவர்கள் மென்பொருளைத் திறந்து பார்க்கவும் இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு 2013-ல் புகை அளக்கும் கருவிகளையும் அவற்றுக்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டரையும் ஒரு பசாட் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு, சைலன்ஸர் வாயில் குழாயைப் பொருத்தி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டிலுக்குப் போய்த் திரும்பியது.